ஆட்சித் தலைவரின் மாளிகையும் பொதுப்பணமும்

கண்டி மாநகரிலே, தலதா மாளிகைக்கு அணித்தாய், மரச்செறிவின் நடுவண் வெண்ணிற மாளிகை ஒன்று பொலிகின்றது. 1820 களில் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்சு கட்டுவித்தது அது. 1944 இல் தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேற்றன் பிரபு ஆண்டு உறைந்தார். இந்நாளில் அது சனாதிபதி மாளிகை எனப்படும். உறைபவர் பன்முறை மாறினர். அதனைப் பேணும் பொருளை இறுக்கும் குடிமக்கள் மாறினாரல்லர். ஆகவே, பொதுப்பணத்தாற் பேணப்படும் உறைவிடத்தை ஆட்சித் தலைவர் தம் சொந்த நலத்துக்குப் பயன்படுத்தல் எத்துணைப் பொருந்தும் என்னும் வினா எழுகின்றது.

எசல பெரகரா நிறைவெய்தியதும் தியவதன நிலமே அச்செய்தி தாங்கிய ஓலையைச் சனாதிபதியிடம் கையளிப்பது இம்மாளிகையிலேயாம். இது பதவிக்குரிய பணி என்பதில் ஐயமில்லை. அவரே குடும்பத்தோடு ஓய்வுகொள்ள வருவாராயின், அது தனிப்பயன். எனினும் இரண்டிற்கும் இடையே கோடு கிழித்தல் எளிதன்று. ஓய்விலும் அரசுப்பணி அவரைத் தொடரும், காவலும் விலக்கற்பாலதன்று. ஆதலின் காவலும் கட்டடப் பேணலும் பதவியின் செலவு என்றும், உறவினர் தங்கலும் விருந்தும் ஆளின் செலவு என்றும் பகுத்தல் நேரிது.

பிரித்தானியப் பிரதமரின் நாட்டுப்புற உறைவிடமாகிய செக்கேர்சு, தனியார் ஒருவர் கொடையாக ஈந்தது. 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அஃது அறங்காவலர் பொறுப்பில் உள்ளது. பதவி நீங்கியவர்க்கு அதன்கண் உரிமை இல்லை.

இலங்கையிலோ, 1986 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், ஓய்வுபெற்ற சனாதிபதிகட்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் வாழ்நாள் முழுதும் வாடகையற்ற இல்லம் பெறும் உரிமையை வழங்கிற்று. இதனால் பதவிக்குரிய வசதி ஆளைப் பின்தொடர்வதாயிற்று. 2025 செப்டெம்பரிற் பாராளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. பணியில் இருப்போர் பயன்கொள்ளும் முறையை வரையறுத்தல் இதனின் வேறாய வினாவாகும்.

கண்டி வாவியை நோக்குவார்க்கு இவ்வினாவின் பழமை புலனாகும். சிறீ விக்கிரம இராசசிங்கன், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் குடிகளை வருத்தி அதனை அமைத்தான். அழகு நிலைத்தது, 1815 இல் அரசு நிலைக்கவில்லை. அன்று குடிகளின் உடலுழைப்பு. இன்று அவர்தம் வரிப்பணம். மாளிகை பதவியினுடையது, ஆளினுடையதன்று என்பதைக் கணக்கேடு எழுதிக் காட்டுமாயின், குடிகட்கு ஐயம் எழ இடமில்லை.