போகியில் போடாதீங்க, பெட்டியில் போடுங்க!

கொடைக்கானல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரியும் படகும் குறிஞ்சிப் பூவும்தான் ஞாபகம் வரும். இங்கேயே குடித்தனம் பண்ணுகிற எங்களுக்கோ முதலில் ஞாபகம் வருவது ஸ்வெட்டர்! கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழி, தையில் ஏரிக்கரைப் புல்லின் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி. கீழே சமவெளியில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு அதற்கு மேல் ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய், காலுறை என்று தனிச் செலவு. வளர்கிற பிள்ளைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். போன வருஷத்து ஸ்வெட்டர் இந்த வருஷம் முழங்கைக்கு ஏறிவிடும்.

நான் கல்யாணமாகி வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்து இருபத்து நாலு வருஷமாகிறது. குளிர்த் துணிக்கென்று வருஷத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க எங்களால் முடிவதில்லை. ஆனாலும் வீட்டில் நாலு பேரும் குளிரில் நடுங்கியதில்லை. காரணம், எங்கள் வீட்டுக் கம்பளித் துணிகளில் முக்கால்வாசி வேறு யாரோ உடுத்திக் கழித்தவை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் எதற்கு?

எங்கள் தெருவில், காரட் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற ஒரு தங்கை இருக்கிறாள். அவள் பையனுக்கு இளைப்பு. மார்கழிக் காலையிலும் மெல்லிய சட்டையோடு பள்ளிக்கூடம் போவான். என் மகனுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டரைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"வேண்டாம்க்கா. இன்னைக்கு வாங்கினா, நாளைக்கு 'இது எங்க வீட்டுப் பழசு'ன்னு பிள்ளைங்க நடுவுல பேச்சு வந்துரும்க்கா" என்றாள்.

அவள் சொன்னதும் நியாயம்தான். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அடுத்த புரட்டாசியில் ஒன்பது வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். ஒரு ஞாயிறு மதியம், அவரவர் வீட்டில் சின்னதாகிப்போன துணிகளைத் துவைத்து எடுத்து வந்து, ஒரே ஜமுக்காளத்தில் அளவு வாரியாகக் குவித்துவிடுவது. எது யார் வீட்டுடையது என்ற பேச்சே கூடாது. எத்தனை கொண்டு வந்தோமோ அத்தனை எடுத்துக்கொள்ளலாம். கொண்டுவரத் துணி இல்லாதவர்கள் கைவேலை செய்து தரலாம். அந்தத் தங்கைக்குத் தையலில் கை சுத்தம். ஆறு ஸ்வெட்டர்களுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். மகனுக்கு நீலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு தலைநிமிர்ந்து போனாள். நான் கொடுக்க நினைத்ததைவிட அது நல்ல ஸ்வெட்டர்! உங்கள் தெருவிலும் செய்து பாருங்கள்.

பழசை மதிப்பது புது விஷயமில்லை. நம் ஊரிலேயே 'கார்சாக்' என்ற சமூக நல அமைப்பு 'குட்வில் சென்டர்' என்று ஒரு கடை நடத்தியது. அங்கே துணிமணி விற்ற பணம் ஏழைக் குடும்பங்களுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல் இங்கிலாந்தில் துணிக்கும் ரேஷன் வந்தது. இருப்பதை ஒக்கிட்டு உடுத்துங்கள் என்று 1943-இல் அரசாங்கமே புத்தகம் போட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. நம் ஹரியானாவில் உள்ள பானிபட்டில், மேலை நாடுகள் கழித்துப் போட்ட கம்பளித் துணிகளை நிறம் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்றுப் போர்வை நெய்கிறார்கள்.

பார்த்து வாங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது பழைய துணிக் குவியல் கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அந்து அரித்த ஓட்டை அப்போதுதான் தெரியும். அக்குள், கழுத்துப்பட்டி, கை விளிம்பு மூன்றையும் தடவிப் பாருங்கள். தையல் விட்டிருந்தால் பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம். துணியே நைந்திருந்தால் வேண்டாம். தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். அந்தக் குவியலையே விட்டு நகருங்கள்.

நிஜக் கம்பளிதானா என்று அறிய, வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். துவைக்கும் முறை இரண்டுக்கும் வேறு என்பதால் இது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளாடையும் காலுறையும் மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

பெட்டியில் சேர்க்கும் முன்

வாங்கி வந்ததை மற்றத் துணிகளோடு கலக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் தனியே வையுங்கள். சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி மனித உடம்பை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. சீலைப்பேனும் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும்.

பிறகு பருத்தித் துணியை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். கம்பளிக்கு வெந்நீரும் கூடாது, கசக்கவும் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கி, அப்பா ஸ்வெட்டர் பாப்பா ஸ்வெட்டர் ஆகிவிடும்! பூந்திக்கொட்டை ஊறிய பச்சைத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, மெதுவாக அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, பாயில் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் போட்டால் தண்ணீர்ப் பாரம் இழுத்து நீண்டுவிடும்.

கிழிசலுக்கு வைத்தியம்

சின்ன ஓட்டைக்கு டார்னிங் போதும். உள்ளே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டால் துணி சுருங்காமல் நிற்கும். அதே நிற நூலால் முதலில் நெடுக்காக இழை ஓட்டி, பிறகு குறுக்காக, பாய் பின்னுவது போல ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் கோத்து வாருங்கள். ஓட்டையைச் சுற்றி அரை அங்குலம் நல்ல துணியிலும் ஊசி ஏற வேண்டும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள்.

முழங்கை தேய்ந்திருந்தால் பழைய கால்சட்டைத் துணியில் முட்டை வடிவ ஒட்டு வெட்டி, இரண்டு கைகளிலும் வைத்துத் தைத்துவிடுங்கள். ஒரு கையில் மட்டும் இருந்தால் ஒட்டு, இரண்டிலும் இருந்தால் ஃபேஷன்! ஜிப் ஓடாவிட்டால் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பாருங்கள். பட்டன் காஜா பெரிதாகிவிட்டால் உள்ளே டிச் பட்டன் வையுங்கள்.

ஒன்றுக்கும் உதவாத ஸ்வெட்டரைப் பிரித்து நூலாக்கலாம். அதற்கு முன் பக்கத் தையலைப் பாருங்கள். வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் நூல் வரிசைக்கு வரிசை அறுந்து துண்டு துண்டாக வரும். விளிம்போடு பின்னியதென்றால் முழு நூலும் கிடைக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, நனைத்து, கீழே சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நிமிர்ந்துவிடும்.

அடுக்கும் விதம்

பின்னிய துணியை ஹேங்கரில் மாட்டாதீர்கள், மடித்தே வையுங்கள். அந்துப் பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருந்தால் அதற்கு விருந்து! ஆகவே அழுக்கோடு ஒன்றும் பெட்டிக்குள் போகக்கூடாது. மழைக்காலம் முடிந்து மாசி வெயில் வந்ததும் எல்லாவற்றையும் உதறி, பிரஷ்ஷால் மடிப்புகளைத் தேய்த்து வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகவே ஆகாது.

கைக்குழந்தை துணியில் அந்துருண்டை போடவே கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கும். அந்துருண்டை நெடி அவர்களுடைய இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான காமாலையை உண்டாக்கக்கூடும்.

பெட்டி மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டி, யாருக்கு என்ன அளவில் எது இருக்கிறது, எது குறைகிறது என்று எழுதி வையுங்கள். சந்தையில் "மலிவாக இருக்கிறதே" என்று வேண்டாததை வாங்க மாட்டீர்கள்.

போன வருஷக் கணக்கு

ஸ்வெட்டர் 2 - ரூ. 300
மகளுக்கு ஜாக்கெட் 1 - ரூ. 350
புதுக் காலுறை 8 ஜோடி - ரூ. 400
ஊசி, நூல், பட்டன் - ரூ. 120
ஜிப் மாற்றத் தையல் கூலி - ரூ. 80
ஆக மொத்தம் - ரூ. 1,250

மீதி 250 ரூபாய் இந்த வருஷத்துக்கு வரவு!

கடைசியாக ஒரு வார்த்தை. மலையில் குளிர் உச்சத்தில் இருக்கும்போதுதான் போகி வருகிறது. அன்றைக்குத்தானா நல்ல கம்பளியை நெருப்பில் போடுவது? செயற்கை நூல் எரிந்தால் புகையும் பொல்லாதது. பழசைக் கழிக்க நினைத்தால் துவைத்து, பட்டன் தைத்து, உடுத்தும்படியாக ஆக்கிக் கொடுங்கள். 1999-இல் டெல்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு பழைய துணியைத் தானமாக அல்லாமல், ஊர் வேலை செய்த கிராமத்தாருக்கு மரியாதையோடு கொடுத்து வருகிறது. வாங்குகிறவர் தலை குனியாதபடி கொடுத்தால், கொடுத்த ஸ்வெட்டரின் கதகதப்பு இரட்டிப்பாகும், இல்லையா?