கம்ப்யூட்டர் ஃபேன் கரகரக்கிறதா? நீங்களே சரி செய்திடலாம்!

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் தொடக்கத்தில் சத்தமே இல்லாமல் ஓடும். பிறகு ஒரு நாள் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் கேபினெட்டுக்குள் இருந்து "கர்ர்" என்று ஓர் ஓசை கேட்கும். ஐந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். நாமும் மறந்துவிடுவோம். நாளாக ஆக அந்தச் சத்தம் அடங்காமல் எந்நேரமும் கேட்கத் தொடங்கும். பெரும்பாலும் இது தேய்ந்துபோன ஃபேன் தரும் எச்சரிக்கைதான். இதற்காகக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சிறு பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் இருந்தால் போதும்.

தேய்வது எது?

வீட்டில் உள்ள மிக்ஸி, டிரில்லிங் மெஷின் போன்றவற்றில் பொதுவாக கார்பன் பிரஷ் இருக்கும். அது தேய்ந்தால் மாற்றுவோம். கம்ப்யூட்டர் ஃபேனில் கார்பன் பிரஷ் கிடையாது. 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடும் இந்த மோட்டாரில், காயில்களுக்குச் செல்லும் மின்சாரத்தை ஒரு சிறு சர்க்யூட்டே மாற்றி மாற்றித் தருகிறது. ஆகவே இதில் உரசித் தேயும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது பேரிங்.

விலை குறைந்த ஃபேன்களில் ஸ்லீவ் பேரிங் இருக்கும். எண்ணெய் பூசிய சிறு குழலுக்குள் அச்சு சுற்றும். தூசியும் சூடும் சேர்ந்து அந்த எண்ணெயைக் காய வைத்துவிடும். காலையில் மட்டும் சத்தம் வந்தால், கெட்டியான எண்ணெய் சூடாகி இளகும் வரை அச்சு திணறுகிறது என்று பொருள். பால் பேரிங் ஃபேன்கள் அதிக நாள் உழைக்கும். ஆனால் குண்டுகள் தேய்ந்துவிட்டால் எண்ணெய் விட்டும் பயன் இருக்காது.

ஏன் உடனே கவனிக்க வேண்டும்?

பிராசசரின் மேல் உள்ள ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பிராசசர் சூடாகும். இன்றைய பிராசசர்கள் சூடு எல்லையைத் தொட்டதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் பிராசசர்களில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலும் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும். நமக்குத் தெரிவதோ "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பது மட்டும்தான். வைரஸ் என்று எண்ணி ஸ்கேன் செய்வோம். அதிலும் சரியாகாவிட்டால் ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் பதிவோம். பைல்கள் போனதுதான் மிச்சமாகும், வேகம் திரும்பாது. சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. ஆனாலும் "சிஸ்டம் ஸ்லோ" என்று நண்பர்கள் போன் செய்தால், "ஃபேன் சத்தம் கேட்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒரு டெஸ்க்டாப்பில் பொதுவாக மூன்று ஃபேன்கள் இருக்கும். பிராசசர் மேல் ஒன்று, கேபினெட்டின் பின்புறம் ஒன்று, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஒன்று. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதிலும் இருக்கலாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, காகிதத்தைக் குழல் போல் சுருட்டிக் காதில் வைத்துக் கேளுங்கள். காகிதமோ விரலோ இறக்கையில் படக்கூடாது.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை.

"டக், டக்" என்ற ஓசை ஹார்டு டிஸ்க்கில் இருந்து வந்தால் அதை வீட்டில் சரி செய்ய முடியாது. வேறு எதுவும் செய்யாமல், முக்கியமான போட்டோக்களையும் பைல்களையும் முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள்.

சத்தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து வந்தால் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் அதனுள் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறிக் கெப்பாசிட்டரில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சரி செய்யும் முறை

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள ஸ்டேட்டிக் மின்சாரத்தை நீக்குங்கள்.

2. ஃபேன் ஒயர் மதர்போர்டில் எந்த இடத்தில் செருகப்பட்டுள்ளது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரைப் பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள்.

3. ஃபேனின் ஸ்குரூக்களைக் கழற்றி அதை மட்டும் வெளியே எடுங்கள். பிராசசர் ஃபேன் என்றால், அதன் கீழே உள்ள ஹீட் சிங்க்கை அசைக்க வேண்டாம். ஹீட் சிங்க் கழன்று வந்தால், பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசிய பிறகே மாட்ட வேண்டும்.

4. இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். சில சமயம் சத்தம் இதிலேயே நின்றுவிடும்.

5. ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரை மெதுவாக உரியுங்கள். ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுங்கள். உள்ளே அச்சின் முனை தெரியும். அங்கு ஒன்று அல்லது இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். இறக்கையைக் கையால் பலமுறை சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்து, மூடியையும் ஸ்டிக்கரையும் ஒட்டுங்கள். அச்சே தெரியாமல் முழுவதும் மூடிய ஃபேன் என்றால் குடைய வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது இருக்கும் எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும்.

எப்போது மாற்ற வேண்டும்?

இறக்கையின் நடுப்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். தெளிவாக ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் சில வாரங்கள் ஓடும். மறுபடியும் சத்தம் வரும். அந்த நேரத்தில் புது ஃபேன் போடுவதுதான் சரி. கடைக்குப் பழைய ஃபேனையே எடுத்துச் செல்லுங்கள். அளவு 80, 92, 120 மி.மீ. எனப் பலவகை உண்டு. கனெக்டரில் மூன்று பின்னா, நான்கு பின்னா என்றும் பாருங்கள். நான்கு பின் ஃபேனில், நான்காவது பின் மூலம் சூட்டுக்கு ஏற்ப மதர்போர்டு ஃபேனின் வேகத்தை மாற்றுகிறது.

மாட்டும்போது காற்றுப் போகும் திசை முக்கியம். பெரும்பாலான ஃபேன்களில், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும். கேபினெட்டின் பின்புற ஃபேனில் அந்தப் பக்கம் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டியதும் கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸ் திரைக்குச் செல்லுங்கள். "ஹார்டுவேர் மானிட்டர்" போன்ற பெயர் கொண்ட பகுதியில் ஃபேன் வேகமும் பிராசசரின் சூடும் தெரியும். இரண்டையும் தேதியுடன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை தூசி தட்டும்போது மீண்டும் பாருங்கள். வேகம் குறைந்து சூடு ஏறியிருந்தால், அடுத்த "கர்ர்" சத்தம் வரும் முன்பே ஃபேனைக் கவனித்துவிடலாம்.