கால் புண் ஆறவில்லையா? களிம்பை மாற்றும்முன் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

"செருப்பு கடிச்ச புண்தானே, பிளாஸ்டர் போட்டா சரியாயிடும்."

வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 3 வாரமாகியும் கால்விரல் புண் அப்படியே இருந்தால்? எந்தக் களிம்பு நல்லது என்று தேடுவதை நிறுத்திவிட்டு, காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கவேண்டும்.

புண்ணை ஆற்றுவது ரத்தம்தான். உயிர்வாயு, கிருமிகளோடு சண்டையிடும் வெள்ளை அணுக்கள், புதுத் தோல் வளரத் தேவையான சத்து எல்லாம் அதில்தான் வருகின்றன. விழுங்கும் ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரையும் அதே வழியாகத்தான் புண்ணுக்குப் போகவேண்டும். வழி அடைத்திருந்தால் மருந்தும் போய்ச் சேராது.

அடைப்பது எது? புகைபிடித்தல், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகியவற்றால் தமனியின் உட்சுவரில் படிவு சேர்கிறது. இதயத்தில் சேர்ந்தால் மாரடைப்பு வரலாம். காலில் சேர்ந்தால் அதற்குப் பெயர் புறத் தமனி நோய்.

அப்படியென்றால் புண் வரும்வரை ஏன் ஒன்றும் தெரியவில்லை?

காயமில்லாத தோலுக்குக் கொஞ்சம் ரத்தமே போதும். பாதி அடைத்த குழாயிலும் காலம் ஓடிவிடும். புண் வந்துவிட்டால் கதை வேறு. அதை ஆற்றப் பல மடங்கு ரத்தம் தேவை. அந்த நேரத்தில்தான் பற்றாக்குறை வெளியே தெரிகிறது.

அதற்கு முன்பே சிலருக்கு அறிகுறி தெரியும். எம்ஆர்டி நிலையத்துக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் சரியாகும், நடந்தால் மறுபடியும் வலிக்கும். "வயசாயிடுச்சு" என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் நிம்மதி, புவியீர்ப்பு ரத்தத்தைக் கீழே இழுப்பதால்!

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் வலியே தெரியாது. கோயில் பிராகாரத்தில் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு நடந்து, பாதம் கொப்புளித்ததை வீட்டுக்கு வந்த பிறகு பார்ப்பவர்களும் உண்டு. வெந்நீரில் கால் ஊறவைப்பதும் இதே காரணத்தால் ஆபத்துதான்.

சோதனை சுலபம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். சுமார் 1 வந்தால் சரி. 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்கலாம். 1.4க்கு மேல் போனால் மகிழவேண்டாம்! தமனி இறுகிப்போய் அளவு பொய் சொல்கிறது என்று அர்த்தம். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களிடம் இது அதிகம். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

அடைப்பு கடுமையாக இருந்தால் பலூன் வைத்துத் தமனியை விரிக்கலாம், அல்லது மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்யலாம். விரித்த தமனி சில மாதங்களில் மீண்டும் சுருங்கக்கூடும். "அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். அதற்குள் புண் ஆறிவிட்டால் காலின் தேவை பழையபடி குறைந்துவிடும். கிடைத்த அந்தச் சில மாதங்களே காலைக் காப்பாற்றக்கூடும்.

தாமதித்தால் விரலையோ காலையோ அகற்றும் நிலை வரலாம். சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்ததற்கு இத்தகைய இழப்புகளும் ஒரு காரணம்.

வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்து, காலில் புண் வந்தால் 3 வாரம் காத்திருக்கவேண்டாம். பாதம் குளிர்ந்திருந்தாலோ விரல் கறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கால் வீக்கத்துக்காக இறுக்கமான காலுறையை நீங்களாக வாங்கி மாட்டிவிடாதீர்கள். ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்த காலில் அது இருப்பதையும் தடுத்துவிடும். பலதுறை மருந்தகத்தில் புண்ணைக் காட்டும்போது "காலுக்கு ரத்தம் சரியா போகுதான்னு பார்க்கமுடியுமா?" என்றும் கேளுங்கள்.