கற்பித்தல், கற்றல், பழகுதல்: எந்திர இயக்கத்தைச் செம்மையாக்கும் துறையின் சில கலைச்சொற்கள்

தொழிற்சாலைகளில் இயங்கும் எந்திரக் கைகளைப் பற்றிய கையேடுகளைத் தமிழாக்குவோர்க்கு நேரும் இடர்ப்பாடு சொல் கிடையாமை அன்று. ஒரு சொல்லே பல பொருள்களுக்கு வழங்கிவிடுதலே ஆகும். 'டீச்சிங்', 'லேர்னிங்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இத்துறையில் வெவ்வேறு வினைகளைக் குறிப்பன. அவற்றுள் 'லேர்னிங்' என்பதே இருவேறு முறைகளுக்குப் பெயராய் நிற்கிறது. தமிழில் இவை அனைத்தும் 'கற்றல்' என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. இது நடைபற்றிய குறை மட்டும் அன்று. எந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியின் பாதுகாப்பைத் தொடுவதும் ஆகும்.

முதலில் 'டீச்சிங்' என்பதைக் காணலாம். 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் நிறுவப்பெற்ற 'யூனிமேட்' என்னும் எந்திரக் கை, தன் அசைவுகளைக் காந்த உருளை ஒன்றில் படிப்படியாகச் சேமித்து வைத்திருந்தது. கையை ஒவ்வொரு புள்ளிக்கும் மனிதன் கொண்டுசெல்வான், புள்ளி பதிவாகும், பின்னர் எந்திரம் அவ்வரிசையையே திரும்பச் செய்யும். இங்கு எந்திரம் எதையும் கற்பதில்லை. நடப்பது பதிவே. ஆயினும் 'டீச்சிங்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இப்பதிவின்போது தொழிலாளி வேலிக்கு உள்ளேயே நிற்க நேர்வதுண்டு. எனவே, ஐ.எஸ்.ஓ. 10218 என்னும் பன்னாட்டுப் பாதுகாப்புத் தரநெறி, குறைவேகக் கையியக்க நிலையில் கை நுனியின் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என வரையறுக்கிறது.

பதிந்த வழியில் கை பிசகின்றிச் செல்வதும் இல்லை. கைக்கு நிறை உண்டு; மூட்டுகளில் உள்ள பல்சக்கர அமைப்புகள் சிறிதளவு நெகிழ்வன. கடக்கும் தொலைவு மாறாதிருக்க, நேரத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவைப்படும் முடுக்கம் ஏறத்தாழ 1.23 மடங்காகும், நேரத்தைப் பாதியாக்கினால் 4 மடங்காகும். விரைவு கூடக் கூட அதிர்வும் வழிப்பிறழ்வும் பெருகுகின்றன. பின்னூட்டக் கட்டுப்பாடு இதனை ஓரளவே திருத்தும். ஏனெனில் பிழை தோன்றிய பின்னரே அது செயற்படத் தொடங்குகிறது. அதற்கு நினைவும் இல்லை. ஒரே வேலையை நாளொன்றுக்கு ஆயிரம் முறை செய்யும் எந்திரம், ஆயிரமாவது முறையும் அதே வளைவில் அதே பிழையைச் செய்கிறது.

1984இல் ஜப்பானியப் பொறியியலாளர் அரிமோட்டோ, கவமுரா, மியசாக்கி ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, இதற்கு வழிகாட்டியவற்றுள் முதன்மையானது. ஒரு சுற்று முழுவதிலும் ஒவ்வொரு கணத்திலும் நேர்ந்த பிழை பதிவு செய்யப்படுகிறது. அப்பதிவைக் கொண்டு, மோட்டாருக்குத் தரும் ஆணை அடுத்த சுற்றுக்குத் திருத்தப்படுகிறது. முந்திய சுற்றின் பதிவு முழுவதும் கையில் இருப்பதால், பிழை தோன்றும் கணத்திற்கு முன்னரே திருத்தத்தை இட்டுவைக்க இயலும். பின்னூட்டத்தால் ஆகாத செயல் இது. ஆனால், ஒவ்வொரு சுற்றும் ஒரே நிலையில் தொடங்கவேண்டும். வழியும் ஒன்றாக இருக்கவேண்டும். சுற்றுக்குச் சுற்று மாறும் தற்செயல் அசைவுகளை வடிகட்டாவிடில் அவையும் ஆணையில் ஏறிவிடும். வேறு வழியைக் கொடுத்தால், இம்முறையின் அடிப்படை வடிவில், முன்பு பெற்ற திருத்தம் பயன்படாது.

இதனைக் 'கற்றல்' எனலாமா? அக்கட்டுரையின் தலைப்பிலேயே கற்றலைக் குறிக்கும் சொல்லுடன் மேம்படுத்தலைக் குறிக்கும் சொல்லும் இடம்பெறுகிறது. தமிழில் 'கல்' என்னும் வினை பெரும்பாலும் அறிவுடைய எழுவாயையே வேண்டும். 'பழகு' என்னும் வினைக்கு அக்கட்டுப்பாடு இல்லை. புதுச்செருப்பு காலுக்குப் பழகுகிறது. வண்டிமாடு வழிக்குப் பழகுகிறது. வழி மாறினால் பழக்கம் உதவாது என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ஆகவே இம்முறையைப் 'பழகுமுறைக் கட்டுப்பாடு' எனல் பொருந்தும் என்பது என் கருத்து.

'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்' எனப்படும் முறை வேறு. அங்கு மாற்றம் பெறுவது ஒரு சுற்றுக்கான ஆணை அன்று; எந்நிலையில் எவ்வளவு முறுக்குவிசை தரவேண்டும் என்னும் விதியே மாற்றம் பெறுகிறது. கணிப்பொறியில் அமைத்த மாதிரிக் கை மிகப் பல முறை முயன்று பார்க்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. அவ்வெண்களின் கூட்டுத்தொகை உயரும் வகையில் விதி திருத்தப்படுகிறது. முன்பு கண்டிராத நிலைக்கும் அவ்விதி ஒரு விடை தருமாதலின், இங்குக் 'கற்றல்' தகும். ஆயினும் 'ரிவார்டு' என்பதை 'வெகுமதி' என்றால், அது சுழிக்குக் கீழே செல்லும்போது 'எதிர்ம வெகுமதி' என்று எழுத நேர்கிறது. கூட்டவும் குறைக்கவும் இடந்தரும் 'மதிப்பெண்' நம் பள்ளிகளிலேயே இருக்கிறது. 'பாலிசி' என்பதற்குக் 'கொள்கை' அரசியல் வாடை உடையது, 'செயல்விதி' போதும்.

'ஆப்டிமைசேஷன்' என்பதற்கு வழங்கிவரும் 'உகப்பாக்கம்' நல்ல ஆக்கம். 'உகந்த' என்னும் பெயரெச்சம் நான்காம் வேற்றுமையை அவாவி நிற்கிறது: எதற்கு உகந்தது? இத்துறையின் மையக் கேள்வியும் அதுவே. நேரம் குறைவதற்கு உகந்த இயக்கம் அதிர்வைப் பெருக்கக்கூடும். மோட்டாரின் கம்பிச்சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 'சிறந்த இயக்கம்' என்று பெயர்த்தால் இக்கேள்வி மறைந்துவிடும்.

இனிக் கையேட்டுக்கு வருவோம். பழகுமுறையில் திருத்தவேண்டிய பிழை வேலைவேகத்தில்தான் வெளிப்படும். ஆகவே அப்போது கை அவ்வேகத்திலேயே ஓடும். வேலிக்குள் எவரும் இருத்தல் ஆகாது. 'டீச்சிங்' நிலையிலோ கை மெல்ல நகரும். தொழிலாளி உள்ளே நிற்கலாம். இரண்டையும் 'கற்றல் நிலை' என்று எழுதிய பக்கத்தைப் படிப்பவர் எதனை நம்பி உள்ளே காலெடுத்து வைப்பார்? முன்னதற்குப் 'பழகுநிலை' என்றும் பின்னதற்கு 'வழிப்பதிவு நிலை' என்றும் வேறுபடுத்தலாம். 'பயிற்சி' என்பதை மனிதர்க்கே ஒதுக்குவது நலம். 'பயிற்சி பெற்றவர் மட்டுமே இயக்குக' என்னும் எச்சரிக்கையும் அதே கையேட்டில் வரும். கருவியின் திரையில் ஆங்கிலப் பெயரே ஒளிருமாயின், அப்பெயரைத் தமிழ் எழுத்தில் முதலில் தந்து, அதனையடுத்துத் தமிழ்ச் சொல்லை இடுவதே தக்கது. தொழிலாளி தேடுவது திரையில் உள்ள சொல்லையே.