மின்சாரம் வந்தது, ஏ.சி. ஓடவில்லை!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி



மின்சாரம் போனால் "ஐயோ" என்கிறோம். வந்தால் "அப்பாடா" என்கிறோம். ஆனால் சில துன்பங்கள் மின்சாரம் வந்த பிறகுதான் தொடங்குகின்றன. இதைச் சென்ற மே மாதத்து இரவு ஒன்று எனக்குக் கற்றுக் கொடுத்தது.

மதுரையில் கத்திரி வெயில் எப்படிக் காயும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தா இருதய நோயால் மருத்துவமனையில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். "அறை வெக்கையாக இருக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே மாமா வீட்டிலிருந்த பழைய ஜன்னல் ஏ.சி.யைக் கொண்டுவந்து அப்பத்தாவின் அறையில் மாட்டியிருந்தோம்.

அன்று இரவு 9 மணிக்குச் சூறைக்காற்றுடன் கோடை மழை அடித்தது. மின்சாரம் போயிற்று. நள்ளிரவு தாண்டி 1 மணிக்குத்தான் வந்தது. ஏ.சி.யும் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, விளக்கு மீண்டும் அணைந்து, அரை நிமிடத்தில் மறுபடி எரிந்தது. இம்முறை ஏ.சி. மட்டும் ஊமையாக நின்றது. அப்பத்தாவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி, நீ போய்ப் படு" என்றார்கள். ஆனால் அவர்கள் நெற்றியெல்லாம் வியர்வை முத்துக்கள்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணனுக்குப் பொறுமை இல்லை. "ஸ்டெபிலைசர்தான் கெட்டுப் போச்சு" என்று தானே முடிவு செய்து, ஏ.சி.யின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகினான். "ம்ம்ம்..." என்று ஓர் உறுமல், பிறகு "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீண்டும் போட்டான். மீண்டும் உறுமல், மீண்டும் "டக்". நான்காம் முறை எம்.சி.பி. விழுந்து அறையே இருண்டது. விடியும்வரை நானும் அம்மாவும் ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஈரத்துணியால் அப்பத்தாவின் கை கால்களைத் துடைத்து, ஓலை விசிறியால் மாறி மாறி வீசிக்கொண்டிருந்தோம்.

காலையில் வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ராத்திரி இது நல்லாத்தான் இருந்திருக்கு அக்கா. மூணு நிமிஷம் சும்மா விட்டிருந்தா தானா ஓடியிருக்கும். தம்பிதான் அதை மூச்சு வாங்க விடலை" என்றார். கெட்டுப் போகாத ஒன்றை நாங்களே கெடுத்திருக்கிறோம்! அது என்ன மூன்று நிமிடக் கணக்கு? மெக்கானிக்கிடமும் எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏ.சி. எப்படிக் குளிர வைக்கிறது?

ஏ.சி. முதன்முதலில் மனிதருக்காகச் செய்யப்படவில்லை என்பது வியப்பான செய்தி. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. காற்றின் ஈரத்தால் அங்கே காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த 1902 ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த ஏற்பாடே இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்றில் வாளியால் நீர் இறைப்பதைப் போல அது வெப்பத்தை இறைக்கிறது. இங்கே வாளியாக இருப்பது குழாய்களுக்குள் சுற்றிவரும் ஒரு வாயு. இறைக்கும் கையாக இருப்பது கம்ப்ரஸர்.

கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்தி ஒரு பக்கம் தள்ளுகிறது. அழுத்தப்பட்ட வாயு சூடேறி, வெளிப்பக்கக் குழாய்களில் தன் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு மிக நுண்ணிய துளையுள்ள குழாய் ஒன்றின் வழியாக உட்பக்கம் வந்து, அழுத்தம் குறைந்து ஆவியாகி, அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக, ஏ.சி. ஓடும்போது கம்ப்ரஸரின் ஒரு பக்கம் மிகுந்த அழுத்தமும் மறுபக்கம் குறைந்த அழுத்தமும் இருக்கும்.

மூன்று நிமிடத்தின் ரகசியம்

மின்சாரம் சட்டென நின்றால் இந்த அழுத்த வேறுபாடு அப்படியே இருக்கும். நுண்குழாய் வழியாகச் சிறிது சிறிதாகத்தான் இரு பக்கமும் சமமாகும். அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மின்சாரம் கொடுத்தால், கம்ப்ரஸர் எதிரே நிற்கும் அழுத்தத்தை மீறித் தொடங்க வேண்டியிருக்கிறது. மேட்டில் ஓடி வந்த வேகத்தில் சைக்கிள் ஏறிவிடும். நடு மேட்டில் நின்றுவிட்டால் மீண்டும் மிதிப்பது எவ்வளவு கடினம்! அதைப் போலத்தான் இதுவும்.

சுழல முடியாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதுதான் நாங்கள் கேட்ட உறுமல். கம்பிச் சுருள் எரிந்து போகாமல் இருக்க, சூடேறியதும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் தானாகத் துண்டித்துக்கொள்ளும். அதுதான் "டக்".

எங்கள் ஸ்டெபிலைசர் கெட்டுப் போகவில்லை. மின்சாரம் வந்தவுடன் கொடுக்காமல் சுமார் மூன்று நிமிடம் காத்திருந்து கொடுக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அண்ணன் அந்தக் காவலாளியை ஒதுக்கிவிட்டான். போதாக்குறைக்கு அப்போது மின்னழுத்தமும் குறைவு. நம் நாட்டில் வீடுகளுக்கு 230 வோல்ட் வர வேண்டும். ஸ்டெபிலைசர் மீட்டரின் முள்ளோ 180-ஐத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வந்ததும் தெரு முழுவதும் ஏ.சி.யும் மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கினால் மின்னழுத்தம் இறங்கத்தானே செய்யும்?

இன்று வரும் ஸ்பிளிட் ஏ.சி.களில் இந்தக் காத்திருப்பு உள்ளேயே அமைந்திருக்கிறது. நாம் பதற்றத்தில் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவசரப்பட அவசரப்படத் தாமதம்தான் கூடும்!

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மின்சாரம் போனவுடனே ஏ.சி.யையும் அதன் எம்.சி.பி.யையும் அணைத்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பும்போது ஏற்ற இறக்கம் இருக்கலாம். அந்த முதல் அடி ஏ.சி.மேல் விழக் கூடாது.

இரண்டாவதாக, மின்சாரம் வந்ததும் விளக்கையும் மின்விசிறியையும் கவனியுங்கள். விளக்கு மங்கியோ துடித்துக்கொண்டோ இருந்தால் ஏ.சி.யைத் தொட வேண்டாம். மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில அறைகளில் மட்டும் மின்சாரம் இருந்தால் ஒரு முனை வரவில்லை என்று பொருள். விளக்குகள் வழக்கத்தைவிடக் கண் கூசும்படி எரிந்தால் அது பேராபத்து. உடனே மெயின் சுவிட்சை அணைத்து மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் சீராக இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து ஏ.சி.யைப் போடலாம்.

மூன்றாவதாக, ஏ.சி.யில் உயிரே இல்லை என்றால் எம்.சி.பி.யைப் பாருங்கள். உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு நின்று பார்க்க வேண்டும். விழுந்த எம்.சி.பி. சில சமயம் பாதி வழியில் நிற்கும். அதை முழுவதும் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்ற வேண்டும். ஒரு முறை மட்டும்தான். மீண்டும் விழுந்தால் அது நமக்கு ஏதோ சொல்கிறது. அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

நான்காவதாக, ஸ்டெபிலைசரைக் கவனியுங்கள். காத்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால் நீங்களும் காத்திருங்கள்.

ஐந்தாவதாக, ரிமோட்டைச் சோதியுங்கள். சில ஏ.சி.கள் மின்சாரம் வந்ததும் தாமாக ஓடும். சில, நாம் மீண்டும் பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும். ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலும் திரையில் மினுக்கும். மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். குளிரூட்டும் நிலையில்தான் இருக்கிறதா, வெறும் மின்விசிறி நிலைக்கு மாறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். வெப்பநிலை 24 டிகிரி போதும். 2020 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அறை ஏ.சி.களைத் தயாரிக்கும்போதே அந்த அளவில் அமைத்துத் தர வேண்டும் என்பது விதி.

ஆறாவதாக, ஏ.சி.யில் ஏதேனும் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எம்.சி.பி.யை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகும் அப்படியே எரிந்தால் எத்தனை முறை மினுக்குகிறது அல்லது எந்த எழுத்து தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி தன் வலியைச் சொன்னால் வைத்தியருக்கு எளிது அல்லவா? மெக்கானிக்குக்கும் அப்படித்தான்.

இதோடு நிறுத்துங்கள்!

காற்று வருகிறது, ஆனால் கால் மணி நேரம் ஆகியும் குளிரவில்லை, உறுமலும் "டக்" சத்தமும் மாறி மாறிக் கேட்கின்றன, கருகிய நாற்றம் வருகிறது, எம்.சி.பி. இரண்டாம் முறையும் விழுகிறது. இவற்றில் எது நடந்தாலும் அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். நாமே மூடியைக் கழற்றவே கூடாது. உள்ளே கெபாசிட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. மோட்டார் சுழலத் தொடங்குவதற்கு உதவுவது அதுதான். மின்சாரத்தை அணைத்த பிறகும் அது மின்னூட்டத்தைத் தன்னுள் வைத்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் ஏ.சி.யில் பழுதானதும் அந்தக் கெபாசிட்டர்தான். உப்பிப் போயிருந்தது. நல்லவேளையாகக் கம்ப்ரஸர் தப்பியது. அது எரிந்திருந்தால் அந்தப் பழைய ஏ.சி.யையே தூக்கிப் போட்டிருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார்.

வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால், ஏ.சி.யைச் சரி செய்வதிலேயே எல்லாரும் முனைந்துவிடக் கூடாது. ஒருவர் அவரருகில் இருந்து, ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, டாக்டர் அனுமதித்த அளவு தண்ணீர் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ தடுமாற்றமோ கண்டால் உடனே மருத்துவமனைதான். அந்த இரவில் நாங்கள் மூவரும் முதல் அரை மணி நேரம் ஏ.சி.யையே சுற்றி நின்றோம். அப்பத்தா தனியாகக் கட்டிலில் கிடந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சென்ற அக்டோபரில் மழைக்காலத்து இரவொன்றில் மீண்டும் மின்சாரம் போய் வந்தது, போய் வந்தது. இம்முறை எம்.சி.பி. ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தது. நான் அப்பத்தாவின் பக்கத்தில் அமர்ந்து விசிறினேன். அண்ணன் விளக்கையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்து நிமிடம் கழித்து எம்.சி.பி.யை ஏற்றினான். பிறகு ஸ்டெபிலைசரின் மூன்று நிமிடம். ஒருவரும் பேசவில்லை. ஏ.சி. மெல்ல முனகி, சீராக ஓடத் தொடங்கியது.

அப்பத்தா அண்ணனைப் பார்த்து, "இப்பத்தாண்டா நீ படிச்ச பிள்ளை" என்றார்கள். வெட்கத்தில் அவன் முகம் சிவந்துவிட்டது.

"பதறிய காரியம் சிதறும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் ஏ.சி.யைக் கண்டதில்லை. ஆயினும் அதற்கும் அது எவ்வளவு பொருந்துகிறது, பார்த்தீர்களா தோழியரே!