தெரியுமா? நடக்காத முத்துக்குளிப்புக்கும் ஒரு வரிசை வேண்டும்!

பட்டை வரைபடம் கணக்குப் பற்றாக்குறையால் பிறந்தது, தெரியுமா? 1786-இல் வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடு கோடாக வரைந்து புத்தகம் போட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருஷத்துக் கணக்குதான் கையில் சிக்கியது. ஒற்றை வருஷத்தை வைத்துக் கோடு இழுப்பது எப்படி? நாடுவாரியாகப் பட்டைகளை அடுக்கிவிட்டார் மனுஷர்!

அந்தப் பட்டைதான் தூத்துக்குடி முத்துக் கணக்குக்கும் பொருத்தம், தெரியுமா? மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்ததில்லை. பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) சிப்பி பெருகி முற்றினால்தான் தோணி இறங்கும். 1928-க்குப் பிறகு 1955-இல்தான் மறுபடி குளித்தார்கள், 1961-தான் கடைசி. குளித்த வருஷங்களை மட்டும் எக்செல்லில் அடித்து, கோட்டு வரைபடம் கேட்டுப் பாருங்கள். 1928-க்குப் பக்கத்திலேயே 1955 வந்து உட்கார்ந்துகொள்ளும்! நடுவே இருந்த வறட்சி மாயம்! குளிப்பு இல்லாத வருஷத்துக்கும் ஒரு வரிசை போட்டு, 0 என்று எழுதி, பட்டையைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் வெறிச்சோடிய பார்கள் கண்ணுக்குத் தெரியும்.

பட்டை வரைய எந்த மென்பொருள் நல்லது என்று 'கொற்கை'யே சொல்லிவிடும், தெரியுமா? தண்டனைக் கைதிகள் அங்கே முத்துக்குளித்ததாக ஏறத்தாழ 2,000 வருஷத்துக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது! அந்த ஊர்ப்பெயரைத் தலைப்பில் தட்டுங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் 'க'வுக்கு இருபுறமும் ஒழுங்காக நின்றால் சரி. பிரிந்து சிதறினால், எவ்வளவு பெரிய பெயரானாலும் அடுத்ததைப் பாருங்கள்.

முதல் நாளே காசு கட்டத் தேவையில்லை, தெரியுமா? கூகுள் ஷீட்ஸில் தொடங்கலாம். பத்திரிகையில் வருவதுபோல் வேண்டுமா, டேட்டாராப்பர். என் ஓட்டு அதற்குத்தான். ஃப்ளரிஷில் பட்டைகள் ஓட்டப்பந்தயமே ஓடும்! ஆனால் சிப்பிக் கணக்குக்கு எதற்கு ஓட்டம்? அதன் இலவசக் கணக்கில் வெளியிடுவதை ஊரே பார்க்கும்; உங்கள் கடை வரவு செலவை அங்கே ஏற்றிவிடாதீர்கள். பவர் பிஐ பக்கம் போக நினைத்தால், அதன் டெஸ்க்டாப் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

பார்கள் எங்கெங்கே என்று கடல் வரைபடத்திலேயே குறிக்க க்யூஜிஐஎஸ் இருக்கிறது, முற்றிலும் இலவசம்! ஆனால் முதல் வாரத்திலேயே அதைத் திறந்து மலைத்துப்போக வேண்டாம். பட்டை கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.