ஆறிய பிறகு விடும் விரிசல்

அனல்மின் நிலையத்துப் பெரிய பாய்லர்களுக்கான டிரம், திருச்சி திருவெறும்பூர் பெல் ஆலையில் தயாராகிறது. அதன் எஃகுச் சுவரின் கனம் 4 அங்குலத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒரே மூச்சில் பற்றவைக்க முடியாது. வரிமேல் வரியாக நிரப்ப வேண்டும். அதற்கும் முன்னால் எஃகைச் சூடேற்றுவார்கள். வெல்டிங் ராடுகளையும் ஓவனில் காயவைத்து, சூடு ஆறாமல் வெல்டர் கையில் கொடுப்பார்கள்.

எல்லாம் ஈரத்துக்குப் பயந்துதான். ராடின் பூச்சில் துளி ஈரம் இருந்தாலும் அதிலுள்ள ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் புகுந்துகொள்ளும். பொல்லாத வாயு! வெல்டிங் ஆறி, ஓரிரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அன்றைக்கே சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் பொறுத்திருந்து சோதிக்கிறார்கள். எக்ஸ்ரே கதிருக்குக் குறுக்கே படுத்திருக்கும் மெல்லிய விரிசல் படத்தில் விழாது. அதை அல்ட்ராசவுண்டு பிடித்துவிடும்.

கடைசியில், வேலை அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிப் பார்ப்பார்கள். காற்றை ஏன் ஏற்றுவதில்லை? தண்ணீர் எளிதில் அமுங்காது. எங்காவது கசிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அமுக்கிய காற்றாக இருந்தால், டிரம் வெடித்துச் சிதறக்கூடும்.